போஸ்ட்கிரெஸ் அப்கிரேடு ஒத்திகை: டம்ப்பா, பிஜி_அப்கிரேடா?

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் பதிப்பு 13-இலிருந்து 17-க்குப் போகிறீர்கள். வழி இரண்டு: டேட்டாவை வெளியே எடுத்துப் புதியதில் ஏற்றும் டம்ப், இருக்கும் டேட்டா ஃபைல்களையே புதிய பதிப்புக்குக் கொண்டுபோகும் பிஜி_அப்கிரேட் (pg_upgrade). ஒத்திகையை எந்த வழியில் பார்ப்பது?

நேரம்: டம்ப் எடுத்து ஏற்றினால், டேட்டா பெருகப் பெருக நேரமும் நீளும். பிஜி_அப்கிரேடில் லிங்க் முறை (ஃபைல்களை நகலெடுக்காமல் பழையதையே பகிர்வது) என்றால் பெரிய டேட்டாபேஸும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

டிஸ்க் இடம்: டம்ப்புக்கு நிறைய, லிங்க்குக்குக் கொஞ்சம்.

பின்வாங்குவது: டம்ப்பில் பழையது அப்படியே இருக்கும். லிங்க்கில் இரண்டுக்கும் ஒரே ஃபைல்கள். புதிய சர்வரை ஒருமுறை ஓடவிட்டால் பழையதைத் திரும்ப எழுப்பக் கூடாது. எனவே நகலில் மட்டும் சோதியுங்கள்.

இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் வரிசைப் பட்டியல்): பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஓஎஸ்ஸும் மாறினால் லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியின் (glibc) எழுத்து வரிசை மாறக்கூடும், பழைய வரிசையில் கட்டிய இண்டெக்ஸ் தவறாகிவிடும். டம்ப் இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டும். பிஜி_அப்கிரேட் பழையதையே தூக்கி வரும். ரீஇண்டெக்ஸ், அதாவது மறுபடி கட்டுவது, உங்கள் தலையில்.

பல பதிப்புகளிலிருந்து சோதிக்கும் சின்ன ஆப்புக்கு டம்ப் போதும், புதிய பதிப்பின் பிஜி_டம்ப்பால் எடுங்கள். நூற்றுக்கணக்கான ஜிபி என்றால் பிஜி_அப்கிரேட்தான். முதலில் எதையும் மாற்றாமல் சரிபார்க்கும் செக் ஆப்ஷனோடு (--check) ஓட்டிவிடுங்கள், அப்கிரேட் முடிந்த அப்புறம் அனலைஸ் (டேட்டாவின் புள்ளிவிவரங்களைத் திரட்டும் கட்டளை).