கம்ப்யூட்டர் திருத்தக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: பழைய ஹார்ட் டிஸ்கைக் கையில் வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள்

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை பக்கம் இருப்பவர்கள், அதிலும் பிள்ளைகளின் படிப்புக்காகப் பாவித்த கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருப்பவர்கள், இதை வாசித்துவிட்டு டவுனுக்குப் போங்கள். எங்கள் வீட்டு மெஷினுக்கு நடந்தது இது. நல்ல ராம் (வேலை நடக்கும்போது மெஷின் பாவிக்கும் நினைவகம்) ஒன்றைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்கான எஸ்.எஸ்.டி.யை, பாவித்த ஒன்றை, புதிது என்று விற்றார்கள். படங்களும் பத்திரங்களும் சேமித்து வைத்திருந்த எங்கள் ஹார்ட் டிஸ்க் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. இவ்வளவுக்கும் மெஷினில் இருந்த முக்கியமான குறை தூசி.

கடையின் பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை. போர்ட்டை மாற்றிவிட்டு இதே வேலையைப் பக்கத்துத் தெருவில் செய்வார்கள். பெயரைவிட அவர்கள் செய்யும் விதம் தெரிந்திருப்பது உங்களுக்கு உதவும்.

மெஷின் பழையதுதான். 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது ஒரே போனில் மூன்று பிள்ளைகள் ஒன்லைன் வகுப்புக்கு அடிபட்ட பிறகு, சீட்டுக் காசில் வாங்கியது. நாலாம் தலைமுறை இன்டெல் கோர் ஐ5 ப்ராசஸர் (மெஷினின் மூளை), இரண்டு 4 ஜீபி ராம், 500 ஜீபி ஹார்ட் டிஸ்க். விற்றவர் இதையெல்லாம் பில்லில் எழுதித் தந்திருந்தார். அந்த பில் மட்டும் இல்லையென்றால் நான் இன்றைக்கு வாய் திறக்க முடியாது.

இப்போது பெரியவள் உயர்தரம் படிக்கிறாள். போன வருடக் கடைசியில் மெஷின் அடம்பிடிக்கத் தொடங்கியது. ஒன் பண்ணிவிட்டு தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடித்தாலும் டெஸ்க்டொப் வராது. வந்த பிறகு கொஞ்ச நேரத்தில் ஃபேன் பெக்டரி மாதிரி இரையும். சூம் வகுப்பு நடுவில் பொட்டென்று நின்றுவிடும்.

டவுனில் ஒரு கடைக்குக் கொண்டு போனோம். கடைத் தம்பி மூடியைக்கூடத் திறக்கவில்லை. வயரைக் குத்தி ஒரு தடவை ஒன் பண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, இது ஹார்ட் டிஸ்க் செத்துப் போச்சு. விண்டோஸ் டென்னும் முடிஞ்சிருச்சு, இனி ஓடாது. புது எஸ்.எஸ்.டி போட்டு லெவன் அடிச்சுத் தர்றேன். நாளன்னைக்கு வாங்க."

இதில் பாதி உண்மை, பாதி பொய். அதனால்தான் நம்ப வைக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி போடுவது நல்ல யோசனைதான். பழைய மெஷினுக்கு அதைப்போல உயிர் கொடுக்கும் செலவு வேறில்லை. விண்டோஸ் 10க்கான சாதாரண ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்தியதும் உண்மை. ஆனால் அதனால் மெஷின் ஓடாமல் போகாது. பாதுகாப்பு அப்டேட்தான் நிற்கும். அதையும் பதிவு செய்துகொண்டால் வீட்டுப் பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீடித்துத் தருகிறார்கள். விண்டோஸ் 11ஐப் பொறுத்தவரை, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி போடலாம், டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இருக்க வேண்டும். இவை இருக்கின்றனவா என்று ஏற்றும்போது விண்டோஸே சோதிக்கும். எங்களுடைய நாலாம் தலைமுறை மெஷினில் அந்தச் சோதனையை ஏமாற்றித்தான் ஏற்றியிருந்தார்கள். அதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

போய் எடுத்தபோது 20,500 ரூபா கேட்டார்கள். எஸ்.எஸ்.டி 14,500, விண்டோஸ் 2,500, வைரஸ் கார்ட் (வைரஸைத் தடுக்கும் மென்பொருள்) 2,000, சர்விஸ் 1,500. பில் என்று தந்தது கொப்பியில் கிழித்த ஒரு துண்டு. கடைப் பெயரும் இல்லை, சீலும் இல்லை. முழுப் பெயரோடு பில் கேட்டதற்கு, "பில் புக் முடிஞ்சிருச்சு அக்கா, அடுத்த தடவை வாங்க" என்றார்.

வீட்டில் வைத்து ஒன் பண்ணினால் பறந்தது. பிள்ளைகளுக்கு சந்தோஷம். கொஞ்ச நேரம் வகுப்பு ஓடவிட்டதும் அதே இரைச்சல், அதே பொட்டென்று நிற்பது. இரண்டு மூன்று ஜன்னலைத் திறந்தால் முன்னரைவிட மோசமாகத் திணறியது.

கொழும்பில் ஐ.டி வேலை செய்யும் அக்கா மகன் பொங்கலுக்கு வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவன் செய்தவை எல்லாம் யாரும் செய்யக்கூடியவை, அதனால் விவரமாகவே எழுதுகிறேன். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினான். டாஸ்க் மேனேஜர் வந்தது. அதில் பெர்ஃபோமன்ஸ், பிறகு மெமரி. 8 ஜீபி என்று இருக்க வேண்டிய இடத்தில் 4 ஜீபி. எத்தனை ஸ்லொட்டில் ராம் இருக்கிறது என்பதையும் அங்கேயே காட்டுகிறது: ஒன்றில்தான் இருந்தது. "சித்தி, வாங்கினப்ப எவ்வளவு?" என்றான். பழைய பில்லை எடுத்துக் காட்டினேன்.

அடுத்தது கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள். ஒரு டிஸ்க் இதுவரை எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கிறது, எத்தனை தடவை ஒன் பண்ணப்பட்டிருக்கிறது என்பதை டிஸ்கே குறித்து வைத்திருக்குமாம். இந்த மென்பொருள் அதை வாசித்துக் காட்டும். எங்கள் "புது" எஸ்.எஸ்.டி 9,000 மணித்தியாலத்துக்கு மேல் ஓடியிருந்தது. ஒரு வருடத்துக்கே 8,760 மணித்தியாலம்தான். புதிதாக வாங்கிப் போட்ட டிஸ்க் என்றால் அந்த எண் பூச்சியத்துக்குக் கிட்டத்தில் இருக்க வேண்டும். ஸ்டிக்கர் மட்டும் பளபளவென்று இருந்தது.

வைரஸ் கார்ட் என்று 2,000 ரூபாவுக்குப் போட்டது, கொஞ்ச நாளைக்கு மட்டும் ஓடும் ஒரு இலவச ட்ரயல். விண்டோஸிலேயே டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பு காசில்லாமல் இருக்கிறது, வீட்டுப் பாவனைக்கு அது போதும். அதையோ நிறுத்தி வைத்திருந்தார்கள். களவு விண்டோஸை ஓட வைக்கும் கிராக் என்ற மென்பொருளை டிஃபெண்டர் பிடித்துவிடும் என்பதால் அதை முதலில் மூடிவிடுவது வழக்கமாம். பூட்டை உடைத்து வைத்துவிட்டு காவலுக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

கடைசியாகப் பக்கத்து மூடியைக் கழற்றினான். சர்விஸுக்கு 1,500 வாங்கியவர்கள் உள்ளே ஒரு தூரிகையைக்கூட விடவில்லை. ப்ராசஸருக்கு மேல் இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு இடையில் கம்பளித் துணி மாதிரித் தூசி அடைத்துக் கிடந்தது.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "நுவரெலியாக் குளிர்ல கம்ப்யூட்டர் எங்க சூடாகப் போகுது" என்று பேசுவோம். அறை எவ்வளவு குளிராக இருந்தாலும் தகடுகளுக்குள் காற்று போகாவிட்டால் ப்ராசஸர் கொதிக்கத்தான் செய்யும். சூடு அளவு மீறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது தானே வேகத்தைக் குறைக்கும். அதற்கும் மேலே போனால் மெஷின் நின்றுவிடும். லயத்து வீடுகளில் விறகடுப்புப் புகையும் சேர்வதால் தூசி எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டிக்கொள்கிறது, ஊதினால் போகாது. அடுப்படிச் சுவரோடு மெஷினை வைக்காதீர்கள். பனி உள்ளே வரும் ஜன்னலுக்குக் கீழேயும் வேண்டாம்.

கரண்ட் வயரைக் கழற்றி, மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, கையால் அழுத்தும் ஊதியால் வெளியே விரட்டினான். ஊதும்போது ஃபேனைச் சுழல விடாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஃபேனையும் தகட்டையும் கழற்றினால் பழைய பேஸ்டைத் துடைத்து, சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் புதிதாக ஒரு சொட்டு வைத்துத்தான் திரும்பப் பூட்ட வேண்டும். பிறகு டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்டப் பக்கத்தில், ஒன் பண்ணியவுடன் தானாக ஓடும் தேவையில்லாதவற்றை நிறுத்தினான். அன்றிலிருந்து மெஷின் நடுவில் நிற்கவில்லை. வேகம்தான், ராம் பாதியாகிவிட்டதால், முன்பு போல இல்லை.

இதே மாதிரி இன்னும் இரண்டு பொய்கள் டவுனில் நடமாடுகின்றன. மழைக்காலத்துக் காலையில் மெஷின் ஒன் ஆகி, பீப் பீப் என்று கத்தி, திரை கறுப்பாகவே இருந்தால் "மதர்போர்ட் போச்சு" என்பார்கள், அதாவது எல்லாப் பாகமும் பொருந்தியிருக்கும் பெரிய பலகையே பழுது என்று. ஈரத்தில் ராமின் பொன்னிறப் பற்களில் அழுக்குப் படிந்ததாகவே பெரும்பாலும் இருக்கும். கரண்டை எடுத்துவிட்டு ராமைக் கழற்றி, பற்களைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து, க்ளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்திப் பாருங்கள். மற்றது, திகதி தானாகப் பழைய வருடத்துக்குப் போய், எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று சொல்வது. எங்கள் பக்கத்து வீட்டு மாமாவிடம் இதற்கு "பயோஸ் ரிப்பேர்" என்று 4,000 வாங்கியிருக்கிறார்கள். மதர்போர்டில் இருக்கும் வட்ட பெட்டரி, சி.ஆர் 2032, மாற்றினால் முடிகிற வேலை அது. மணிக்கூட்டுக் கடையிலேயே கிடைக்கும்.

கடைக்குத் திரும்பிப் போனோம். எஸ்.எஸ்.டி.யின் மணித்தியாலக் கணக்கைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனதால் அதற்கு மட்டும் முகம் மாறியது. "சப்ளையர் ஏமாத்திட்டான் அக்கா" என்று 6,000 திருப்பித் தந்தார். ராம் பற்றிக் கேட்டதும் குரல் உயர்ந்தது: "மெஷினை வீட்டுக்குக் கொண்டு போய் யார் யார் கை வச்சீங்களோ, எங்கிட்ட வந்து கேட்டா?" அவர் முதலாளி வேறு நடுவில் புகுந்து, தோட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே விளங்கும் என்று சிங்களத்தில் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எனக்கு சிங்களம் விளங்கும் என்பது அவருக்கு விளங்கவில்லை.

பழைய ஹார்ட் டிஸ்கைக் கேட்டேன். மேசை லாச்சியைத் திறந்தார். உள்ளே நிறையக் கிடந்தன. ஒன்றை எடுத்து நீட்டினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் 320 ஜீபி, எங்களுடையது 500. யூ.எஸ்.பி வயரில் மாட்டிப் பார்த்தோம். செத்த டிஸ்க் என்று யாரிடமோ சொல்லியிருப்பார்கள், அது நன்றாகவே வேலை செய்தது. உள்ளே யாரோ ஒரு குடும்பத்தின் கல்யாணப் படங்கள், அடையாள அட்டைப் பிரதிகள், ஒரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். யாருடையது என்று கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்த அளவோடு மூடிவிட்டேன்.

அதற்குப் பிறகு ராமும் காசும் எனக்குச் சின்ன விஷயமாகிவிட்டன. எங்கள் டிஸ்கில் அம்மாவின் ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) பத்திரங்கள் ஸ்கேன் பண்ணியது இருக்கிறது, அப்பாவின் கடைசிப் படங்கள் இருக்கின்றன, பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் இருக்கின்றன. அது இப்போது யார் வீட்டு மெஷினில் ஓடுகிறதோ. "ஃபோர்மட் பண்ணித்தான் விப்போம்" என்று கடைக்காரர் சொல்கிறார். விரைவாகச் செய்யும் ஃபோர்மட்டில் பழைய கோப்புகள் உடனே அழிவதில்லை. அவற்றின் மேல் வேறு எதையாவது எழுதும்வரை மீட்டெடுக்க வழியிருக்கிறது. மின்னஞ்சல், ஃபேஸ்புக், வங்கி எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் அன்றிரவே மாற்றினோம்.

ஆகவே மெஷினைத் தூக்கிக்கொண்டு போகுமுன் டாஸ்க் மேனேஜரின் மெமரிப் பக்கத்தைப் போனில் படம் எடுங்கள். மூடியைத் திறந்து ராம், டிஸ்க் இரண்டின் ஸ்டிக்கரும் சீரியல் நம்பரும் தெரியும்படி இன்னொரு படம். விண்டோஸ் கோளாறு இல்லாமல் வெறும் துப்புரவுக்கோ பவர் சப்ளைக்கோ கொடுப்பதென்றால் டிஸ்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடலாம். உதிரிப்பாகம் மாற்றினால் பழையது உங்கள் சொத்து. கையில் தரும்வரை காசைக் கொடுக்காதீர்கள். இருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே திருத்தித் தருகிற கடைகளும் டவுனில் இருக்கின்றன, அவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பில் கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் பேசலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள். நாங்கள் கொடுத்திருக்கிறோம். கொப்பித் துண்டு, பழைய பில், போன் படங்கள் எல்லாம் இணைத்திருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.

அந்த 320 ஜீபி டிஸ்க் என்னிடம்தான் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் கம்ப்யூட்டர் திருத்தக் கொடுத்து, டிஸ்க் செத்துவிட்டது என்று சொல்லப்பட்டவர்கள் யாராவது இருந்தால் இன்பொக்ஸில் வாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று சரியாகச் சொன்னால் தந்துவிடுகிறேன். அதே மாதிரி, அந்தக் கடையில் அண்மையில் பாவித்த 500 ஜீபி ஹார்ட் டிஸ்க் வாங்கியவர்கள் இருந்தால், தயவுசெய்து அதில் எதையும் ஏற்றாமல் எனக்கு ஒரு செய்தி போடுங்கள். நீங்கள் கொடுத்த காசை நான் தருகிறேன்.