செண்பகனூர் அருங்காட்சியகம்: பூச்சிப் பெட்டிகளுக்காகவே போகலாம்

மதுரையிலிருந்து கொடைக்கானல் செல்வோரில் பலர் நேராக ஏரிக்கே போய்விடுகிறார்கள். நாங்கள் இம்முறை செண்பகனூரில் இறங்கி, இயேசு சபையினர் 1895-இல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அரை நாளைக் கழித்தோம். 1838-இல் மதுரை மறைப்பணியை மீண்டும் தொடங்கிய பிரெஞ்சுப் பாதிரியார்களின் வழிவந்தவர்கள், குருமாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே பழனிமலைக் காடுகளையும் படித்தார்கள் என்பதற்கு இந்தக் கூடமே சாட்சி.

என் கால்கள் நகர மறுத்தது பூச்சிப் பெட்டிகளின் முன்புதான். வண்ணத்துப்பூச்சிக்கு ஊசியை மார்பின் நடுவில் குத்துவார்கள். வண்டுக்கோ வலது மேற்சிறகின் வழியாகக் குத்துவதே முறை, ஏனெனில் இனம் பிரித்தறிய உதவும் நடுப்பகுதி அப்போதுதான் சிதையாமல் இருக்கும். மலை ஈரத்தில் படரும் பூஞ்சையும், உலர்ந்த உடல்களைத் தின்னும் நுண்வண்டுகளும் ஓயாது தாக்கும் ஊரில் இவற்றைத் தலைமுறைகளாகக் காப்பது எத்தனை பொறுமையான உழைப்பு என்பதை நினைத்து நெகிழ்ந்தேன். ஆர்க்கிட் செடிகளும் இம்மலைப் பழங்குடியினரான பளியர் மக்களின் புழங்குபொருட்களும் உண்டு. குழந்தைகளுடன் செல்வோர் கையில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துச் செல்லுங்கள். மூடுபனி இறங்குவதற்கு முன், காலையிலேயே போய்விடுங்கள்.