நாவியா, எக்ஸ்எல் 100-ஆ?

தோட்டத்துக்கும் டவுனுக்கும் போய்வர ஒரு சின்ன வண்டி வேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்தபோது கடைசிவரை போட்டியில் நின்றவை இரண்டு: செகண்ட் ஹேண்டில் ஹோண்டா நாவி, இல்லையென்றால் புது டிவிஎஸ் எக்ஸ்எல் 100. வாங்கியது எக்ஸ்எல். என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

ஓட்டுகிற சுகத்தில் நாவிக்கே முதலிடம். 2016-ல் வந்த வண்டி. பார்க்கக் குட்டி பைக், உள்ளே ஆக்டிவாவின் 109 சிசி எஞ்சின். கியர் மாற்றும் வேலை இல்லை. திறன் 8 குதிரைத்திறனை ஒட்டி, எக்ஸ்எல்லுக்கு 4.4தான். பைபாஸில் ஒரு டிராக்டரை முந்தும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் மச்சானின் நாவியை நான் ஊருக்குள் மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன். நாள் முழுக்க ஓட்டினால் முதுகு தாங்குமா என்பதை அவரைப் போல வைத்திருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

சுமை என்று வந்தால் பேச்சே இல்லை. எக்ஸ்எல்லில் பின் சீட்டைக் கழற்றிவிட்டு மூட்டையைக் கட்டலாம், கால் வைக்கும் இடத்தில் இன்னொன்று. நாவியில் நடுவே ஒரு பெட்டி வைக்கும் இடம் உண்டு; சாப்பாட்டுப் பையும் மழைக்கோட்டும் போகும், தக்காளிக் கூடை போகாது.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. நாவியின் எஞ்சினைப் பற்றிக் கவலையே வேண்டாம், ஆக்டிவா பார்க்கிற எந்த மெக்கானிக்கும் அதைப் பார்த்துவிடுவார். பெல்ட், ரோலர் எல்லாம் பழகிய சாமான். சிக்கல் எஞ்சினுக்கு வெளியே இருக்கிறது. 2020-ல் பிஎஸ்6 என்ற புகை மாசு விதி வந்தபோது நாவி இந்தியச் சந்தையிலிருந்து போய்விட்டது. ஹெட்லைட் மூடி, டேங்கை ஒட்டிய பிளாஸ்டிக், முன் ஃபோர்க் ஆகியவை நாவிக்கே உரியவை, ஆக்டிவாவிலிருந்து எடுத்துப் போட முடியாது. ஒருமுறை கீழே விழுந்தால் உடைவதும் இவைதான். பெரிய ஊர்களில் தேடிப் பிடிக்கலாம். எங்களைப் போல ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமத்தில் இருப்பவர்கள் ஒரு மூடிக்காகக் கோயம்புத்தூருக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

எக்ஸ்எல்லில் உடைய பெரிதாக பிளாஸ்டிக் கிடையாது. செயின் தொங்கினால் ஸ்பேனரை எடுத்து நாமே இறுக்கிக்கொள்ளலாம். கேபிள், பிரேக் ஷூ, ஸ்போக் கம்பி எல்லாம் சந்தைக்குப் போகிற வழியில் சின்னக் கடையிலேயே கிடைக்கிறது. 1980-ல் டிவிஎஸ் 50 வந்த நாளிலிருந்து இந்த வகை வண்டியில் கை பழகியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்தப் பழக்கத்துக்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்கிறேன். விற்கப் போனாலும் அப்படித்தான், தோட்டக்காரர்கள் வீடு தேடி வந்து கேட்பார்கள்.

இரண்டு விஷயத்தில் எக்ஸ்எல்லை விட்டுக்கொடுத்தாக வேண்டும். எங்கள் வண்டியில் டியூப் டயர் என்பதால் முள் குத்தினால் சட்டென்று காற்று இறங்கிவிடும். நாவியின் டியூப்லெஸ் வீடு வரை கொண்டுவந்து சேர்த்துவிடும். அப்புறம், பிஎஸ்6 எக்ஸ்எல்லில் கார்புரேட்டர் இல்லை, சென்சார் பார்த்து பெட்ரோலை அளந்து தெளிக்கும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். சென்சார் படுத்தால் ஊர் மெக்கானிக்கால் முடியாது, சர்வீஸ் சென்டர்தான். எங்கள் வண்டியில் இதுவரை அப்படி எதுவும் வரவில்லை, அதனால் செலவு எவ்வளவு ஆகும் என்று அனுபவத்தில் சொல்ல முடியவில்லை.

டவுனிலேயே இருப்பவர், ஒற்றை ஆள், சுமை இல்லை என்றால் நாவி வாங்கலாம். பிளாஸ்டிக் முழுதாக இருக்கிறதா, முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறதா, கிளம்பும்போது வண்டி அதிர்கிறதா என்று பாருங்கள். அதிர்ந்தால் பெல்ட்டும் கிளட்சும் தேய்ந்திருக்கலாம், அதற்கான காசை விலையில் குறைத்துக் கேளுங்கள். ஃபோர்க் கசிந்தால் அந்த வண்டி வேண்டாம், வேறு பாருங்கள்.