உப்புக்கு அட்டை விழும், உண்ணி விழாது

டொரொண்டோவில் இருக்கும் சித்தி அனுப்பிய பெட்டியில் சொக்லேட்டோடு ஒரு பூச்சி விரட்டி ஸ்பிரே. "லைம் நோய் வந்துரும்டா, அடிச்சிட்டு மலைக்குப் போ" என்று வொயிஸ் வேறு. உண்ணி கடித்து வரும் அந்த லைம் நோய் அவர்கள் பக்கத்துச் சங்கதி. பெயரே கனெக்டிகட்டில் உள்ள ஓர் ஊருடையது. இலங்கை மலையகத்தில் நமக்கு உண்ணியால் வருவது ரிக்கெட்சியா காய்ச்சல்: தலையிடி, மூட்டுவலி, உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. ஆனால் கடிபடாமல் இருக்கும் வழி இரண்டுக்கும் ஒன்றுதான்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் முதலில் வருவது அட்டை வைத்தியம். காலில் சவர்க்காரம், ஏறினால் உப்பு. அட்டைக்குச் சரி. உண்ணியோ முள்ளுள்ள வாயைத் தோலுக்குள் இறக்கி, பசை மாதிரி ஒன்றைக் கக்கி ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெய் ஊற்றினாலும் தீக்குச்சியால் சுட்டாலும் அதன் எச்சில் இன்னும் உள்ளே இறங்கலாம். இதைத்தான் முதலில் விடவேண்டும்.

ஸ்பிரே நல்லதுதான். 20 முதல் 30 வீதம் டீட் என்ற விரட்டி மருந்து உள்ளது சில மணி நேரம் காக்கும். நம் மழையும் வியர்வையும் அவ்வளவு நேரம் விடுமா? பெர்மெத்ரின் என்ற பூச்சிகொல்லி துணிக்கு மட்டும், தோலுக்கு அல்ல. சில தடவை துவைத்தாலும் நிற்கும். ஈரமாக இருக்கும்போது பூனை அண்டக் கூடாது. ஆனால் கொழுந்து பறிப்பவர்கள் எத்தனை பேருக்கு அது கட்டுப்படியாகும்?

நான் நம்புவது அந்தி நேரத் தேடலை. காசே இல்லை. பீலிக்கரையில் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், முக்கியமாகக் கொழுந்து பறிக்க இடுப்பில் சுற்றும் படங்கைக் கட்டிய கயிறு அழுத்திய இடம். போன வருடம் அம்மாவின் இடுப்பில் அங்கேதான் எள்ளளவில் ஒன்று இருந்தது. மச்சம் என்று விட்டிருப்போம், கால்கள் அசைந்தன. லைம் கிருமி தொற்ற வழக்கமாக ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். ரிக்கெட்சியா அவ்வளவு காத்திருக்காது, அதனால் அன்றைக்கே பார்க்கவேண்டும். கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுக்கவேண்டும். காதுக்குள் போனால் மட்டும் கை வைக்காதீர்கள், ஆஸ்பத்திரிதான்.

நாயையும் பாருங்கள். எங்கள் நாயின் காதில் கொட்டமுத்து மாதிரி ஊதியவை தொங்கும், அதே நாய்தான் இஸ்தோப்புத் திண்ணையில் பிள்ளைகளோடு படுக்கும்.

கடித்த இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் டொக்டரிடம் முதலில் உண்ணிக் கதையைச் சொல்லுங்கள். டொக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கொடுத்தால் கேட்கும் நோய் ரிக்கெட்சியா.

சித்தியின் ஸ்பிரேயை மானாப் புல் வெட்டப் போகும் நாட்களுக்கென்று வைத்திருக்கிறேன். அக்கா புருவம் திருத்தும் இடுக்கி இப்போது சவர்க்காரப் பெட்டியில் கிடக்கிறது. அவளுக்குத்தான் கோபம்.