கார்போவா, காஸ்பரோவா: யாருடைய ஆட்டங்களைப் படிப்பது?

வேலை முடிந்து இரவில் ஒரு மணி நேரம், அதுதான் சதுரங்கத்துக்கு எனக்குக் கிடைப்பது. ஒரே ஒரு ஆட்டக்காரரை எடுத்து, அவர் ஆட்டங்களைப் பலகையில் வைத்து வரிசையாகப் படிப்பது என்று முடிவு செய்தேன். முதலில் காஸ்பரோவ். எட்டு மாதம் கழித்து, அவருக்கு முன் உலக சாம்பியனாக இருந்த கார்போவுக்கு மாறினேன், இன்றும் அவர்தான்.

சாதனைக் கணக்கில் காஸ்பரோவ்தான் மேலே. 22 வயதில் உலக சாம்பியன், 1999இல் தரமதிப்பீட்டில் 2851 புள்ளிகள். 1985, 1986, 1990 என மூன்று பட்டப் போட்டிகளில் கார்போவை வென்றார். 1987இல் சமன் செய்து பட்டத்தைத் தக்கவைத்தார். சரி, அதில் விவாதமே இல்லை. ஆனால் படிக்கிறவனுக்கு முக்கியம், படித்தது எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பது.

1985 மாஸ்கோ போட்டியின் 16ஆவது ஆட்டத்தைப் பாருங்கள். கறுப்பில் ஆடிய காஸ்பரோவ், சிசிலியன் என்ற தொடக்க முறையில் எட்டாவது நகர்த்தலிலேயே டி5 கட்டத்தில் ஒரு சிப்பாயைப் பலி கொடுக்கிறார். பிறகு அவர் குதிரை டி3இல் வந்து உட்கார, வெள்ளைக் காய்கள் இருந்த இடத்திலேயே முடங்கிவிடுகின்றன. அற்புதமான ஆட்டம். ஆனால் அடுத்த ஆண்டே பிரஸ்ஸல்ஸில், வான் டெர் வீலுக்கு எதிராக, அந்தச் சிப்பாய்ப் பலியில் இருந்த ஓட்டையைக் கார்போவே காட்டிவிட்டார்.

காஸ்பரோவ் வழியில் போனால் இந்தப் பராமரிப்பு ஓயாது. நஜ்டார்ஃப், கிங்ஸ் இந்தியன் போன்ற தொடக்க முறைகள் எல்லாம் அவர் கையில் ஆயுதம். நமக்கோ தினமும் துடைத்து எண்ணெய் போட வேண்டிய இயந்திரம். அலுவலக வேலையில் மூன்று மாதம் பலகையைத் தொடவில்லை. திரும்பி வந்து ஆடிய முதல் போட்டியில், நஜ்டார்ஃபின் 14ஆவது நகர்த்தலில் அடுத்து என்ன என்று மறந்து உட்கார்ந்திருந்தேன். அன்று இரவுதான் மாறினேன்.

கார்போவிடம் படித்தது அப்படிக் கைவிடுவதில்லை. 1974 நீஸ் ஒலிம்பியாடில் உன்சிக்கருக்கு எதிரான ஆட்டம். ரூய் லோபஸ் என்ற தொடக்க முறை; பலகையின் ஓரத்தில் ஏ வரிசை சிப்பாய்கள் இல்லாமல் திறந்திருக்கிறது. அந்த வரிசையில் யானைகளை (ரூக்) ஒன்றுக்கொன்று வெட்டிக்கொண்டால் கறுப்புக்கு மூச்சு வந்துவிடும். 24ஆவது நகர்த்தலில் கார்போவ் பிஷப்பை ஏ7இல் கொண்டுபோய் வைக்கிறார். வரிசை அடைபட்டது. அதன் பின்னால் நிதானமாக யானைகளை அடுக்குகிறார். பிஷப்பை எப்போது விலக்குவது என்பது அவர் கையில். கறுப்பு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்க, ராஜா பக்கம் எஃப்4 என்று திறந்து வெல்கிறார். இதில் மனப்பாடம் செய்ய எதுவுமில்லை; ஒருமுறை புரிந்தால் போதும்.

அவருக்கே அது வயதிலும் கைகொடுத்தது. 1994 லினாரெஸ் போட்டியில், 42 வயதில், 13 ஆட்டங்களில் 11 புள்ளி; காஸ்பரோவும் ஷிரோவும் 8.5. 1998இல் லோசானில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் ஆனந்தை வென்றதை மட்டும் நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனந்த் குரோனிங்கன் நாக்-அவுட்டில் டிசம்பர் முழுக்க ஆடிக் களைத்து வந்தவர். கார்போவ் ஓய்வோடு காத்திருந்தவர்.

குறையும் உண்டு. ராஜாவைத் தாக்க வாய்ப்பு வந்தால் இன்னும் தயங்குகிறேன். அந்தத் துணிச்சல் காஸ்பரோவிடம்தான் கிடைக்கும். பயிற்சியாளரோடு தினமும் நாலு மணி நேரம் உட்காரும் பிள்ளைகளுக்கு அவரே பொருந்தலாம். அப்படிப் படித்த அனுபவம் எனக்கில்லை.

கார்போவ் என்று முடிவு செய்தால் உன்சிக்கர் ஆட்டத்தில் தொடங்குங்கள். 24ஆவது நகர்த்தலுக்கு முன் நிறுத்தி, பத்து நிமிடம் நீங்களே தேடிப் பாருங்கள். நான் யானைகளை வெட்டிக்கொள்ளத்தான் பார்த்தேன்.