இரண்டு இன்வெர்ட்டரைச் சேர்த்து 440 வோல்ட் தருகிறேன் என்றால் நம்பாதீர்கள்

மாவுக்கடை, சின்னப் பட்டறை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

எங்கள் கிரைண்டரில் இருப்பது 440 வோல்ட்டில் ஓடும் 1 ஹெச்பி த்ரீ பேஸ் மோட்டார். கரண்ட் போனால் ஊறவைத்த அரிசி வீணாகிவிடும். கடையில் ஏற்கெனவே 230 வோல்ட் தரும் ஒரு வீட்டு இன்வெர்ட்டர் இருந்தது. தெரிந்தவர் அனுப்பிய எலக்ட்ரீஷியன், "அண்ணே, இதே மாதிரி இன்னொண்ணு வாங்கி சீரியல்ல இழுத்தா 440 வந்துடும். பேட்டரி 12ம் 12ம் 24 ஆகுதுல்ல, அதேதான்" என்றார். நம்பி 21,000 ரூபாய் கொடுத்தேன்.

இரண்டையும் இணைத்து மீட்டரை வைத்தார். 450 காட்டியது. அப்படியே 300, 120, 20 என்று இறங்கி, மறுபடி ஏறியது. "மீட்டர் பேட்டரி வீக்" என்றார். மோட்டாரில் கொடுத்தால் உறுமியதே தவிர சுற்றவில்லை. "கெப்பாசிட்டர் வாங்கிட்டு வரேன், அதுவரைக்கும் ரெண்டையும் சார்ஜ்ல போடுங்க" என்று கிளம்பிவிட்டார்.

முதல் பிளக்கைப் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது சுவிட்சைத் தட்டியதும் படாரென்று ஒரு சத்தம், கருகல் வாடை. எம்சிபி (ஷார்ட் ஆனால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தது. என் மனைவி இன்வெர்ட்டருக்கு ஓரடி தள்ளி நின்றிருந்தாள்.

காரணத்தை அப்புறம் மோட்டார் காயில் கட்டும் பெரியவர்தான் விளக்கினார். இன்வெர்ட்டர் தருவது நொடிக்கு 50 சுற்று ஏறி இறங்கும் அலை. இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால்தான் வோல்ட் கூடும். ஒன்று 50லும் மற்றது 49.9லும் ஓடினால், பத்து நொடிக்கு ஒருமுறை கூடிக் கழிந்துபோகும். மீட்டர் ஆடியது அதனால். 460 நிலையாக வந்திருந்தாலும் அது த்ரீ பேஸ் இல்லை. அதற்கு மூன்று அலைகள் 120 டிகிரி தள்ளித் தள்ளி வரவேண்டும்.

வெடித்தது வேறு காரணம். இந்த வகை இன்வெர்ட்டரில் ஈபி நியூட்ரல்தான் அவுட்புட் நியூட்ரலாகவும் வருகிறது. ஈபி கரண்ட் இருக்கும்போது பேஸும் ரிலே (உள்ளே தானாக மாறும் சுவிட்ச்) வழியாக நேராக வெளியே வரும். ஒன்றின் பேஸை மற்றதன் நியூட்ரலில் கட்டியிருந்தார். இரண்டு பிளக்கும் ஏறியதும் நேரடி ஷார்ட்.

சேர்த்து ஓட்டுவதற்கென்றே, அலைகளை ஒன்றோடொன்று ஒத்துப்போக வைக்கும் சிங்க் கேபிளோடு வரும் மாடல்கள் உண்டு. மூன்றை இணைத்து த்ரீ பேஸ் எடுக்கும் செட்டிங்கும் சிலவற்றில் இருக்கிறது. கம்பெனி கையேட்டில் அதைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் பணம் கொடுக்காதீர்கள்.

எனக்கு வாரண்டி கிடைக்கவில்லை, வயரிங்கை மாற்றியிருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு இன்வெர்ட்டரின் போர்டும் போச்சு. எலக்ட்ரீஷியன் இன்றுவரை போனை எடுக்கவில்லை.