சாலி கபோரி போஸ்டர்: மூணு ஸ்டார்தான்

ஹால் சுவர் மொட்டையாக இருக்கிறது என்று வீட்டில் ஒரு வருஷமாகப் புலம்பல். ஆன்லைன் கடை ஒன்றில் ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர் சாலி கபோரியின் ஓவியம் போஸ்டராகக் கண்ணில் பட்டதும் வாங்கிவிட்டேன். 50க்கு 70 சென்டிமீட்டர், மேட் காகிதம், பிரேம் கிடையாது.

முதலில் வந்தது குழாயோடு நசுங்கி வந்தது. போட்டோ அனுப்பினேன், பதினோரு நாளில் வேறு வந்தது. அது போகட்டும்.

என் கோபம் வேறு. விவரத்தில் என்ன போட்டிருந்தார்கள் தெரியுமா? 'பிங்க் அப்ஸ்ட்ராக்ட், சோபாவுக்கு மேலே அழகாக இருக்கும்.' ஓவியத்தின் பெயர்கூட இல்லை. அது ஓர் இடம், சார். திபிர்திபி. கலவா மீன் உருவில் வந்த மூதாதையின் பெயர்தான் அந்த இடத்துக்கும். சாலியின் கணவர் பாட் கபோரிக்கு உரிமையான மண்.

சாலி 1924 வாக்கில், ஆஸ்திரேலியாவின் வடக்கே கார்பென்டேரியா வளைகுடாவில் இருக்கும் பென்டிங்க் தீவில் பிறந்தவர். அந்தத் தீவின் பழங்குடியான கயடில்ட் இனம். கரையோரம் கல் அடுக்கி வேலி கட்டுவார்கள். கடல் ஏறும்போது உள்ளே வரும் மீன், வற்றும்போது வேலிக்குள் மாட்டிக்கொள்ளும். சரிந்த கல்லை எடுத்து வைப்பது, நாரில் பை முடைவது, இதெல்லாம் அவர் செய்த வேலை. 1948ல் கடல் பொங்கிக் குடிதண்ணீரில் உப்பு ஏறியது. மிஷனரிகள் மிச்சமிருந்த 63 பேரையும் மார்னிங்டன் தீவுக்குக் கொண்டுபோனார்கள். ஊர் திரும்பப் பல பத்தாண்டு ஆனது. 2005ல், எண்பது வயதில், மார்னிங்டன் தீவின் கலை மையத்தில் முதல் முறையாகத் தூரிகையைக் கையில் எடுத்தார். 2015ல் இறப்பதற்குள் இரண்டாயிரத்துக்கு மேல் வரைந்துவிட்டார்! 2022ல் பாரிஸில் கார்த்தியே கலை அறக்கட்டளை அவருக்குத் தனிக் கண்காட்சியே வைத்தது.

பிரிஸ்பேனில் 2016 கண்காட்சியில் அசலைப் பார்த்தவன் நான். சிலது ஆறு மீட்டர் நீளம். பெயின்ட் காயும் முன்பே அடுத்த நிறத்தை இழுத்திருப்பார். வெள்ளையும் சிவப்பும் கலந்து தூரிகை போன வழியெல்லாம் ரோஸ் வரி வரியாக ஓடும். போஸ்டரில் அந்த வரிகள் குழம்பிவிட்டன. நிறம் மட்டும் பரவாயில்லை, கறுப்பு நல்ல கறுப்பு. "யாரோ பெயின்ட் டப்பாவைக் கொட்டிட்டாங்களா?" என்றார் அம்மா. கல்வேலிக் கதையைச் சொன்னதும் கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார்.

இன்னொன்று. இந்த விற்பனையில் சாலியின் குடும்பத்துக்கு ஏதாவது போகிறதா என்று கடைக்கு மெயில் போட்டேன். மூன்று வாரமாகிறது, பதில் இல்லை. ஒரு ஸ்டார் அதற்காகவே குறைத்தேன், இன்னொன்று அந்த 'சோபா'வுக்கு.

வாங்குவதாக இருந்தால் இதைவிடப் பெரிய அளவு பாருங்கள். நடைவழியில் மாட்டாதீர்கள், நாலு எட்டு பின்னால் போய் நின்று பார்க்க இடம் வேண்டும்.